கேவலாதேவ் காட்டுக்குள் சைக்கிளில் ஒரு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ராஜஸ்தானின் பரத்பூரில் இருக்கிறது கேவலாதேவ் தேசியப் பூங்கா. ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்பு. கருவேலும் நீர்க்கடம்பும் இலந்தைப் புதரும் நிறைந்த காடு, நடுநடுவே புல்வெளி, அதற்கப்புறம் கரை கட்டிப் பிரித்த ஏரிகள். தரை முழுக்கச் சமம். உள்ளே சாந்தி குட்டீர் என்ற இடத்தைத் தாண்டி பெட்ரோல், டீசல் வண்டிகளை விடுவதில்லை. புலியோ யானையோ குடியிருக்கும் காடு இல்லை என்பதால் நாமே சைக்கிள் எடுத்துக்கொண்டு நம் இஷ்டத்துக்குப் போகலாம்.

ஊரிலிருந்து டெல்லிக்கு வரும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் பல குளிர்காலங்களாக அங்கே கூட்டிப்போகிறேன். ஒருமுறை, சைக்கிளைத் தொட்டு 30 வருஷம் ஆகியிருந்த என் அத்தை காலை முதல் மாலை வரை ஓட்டினார். அதே நாளில் எங்களோடு வந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் மதியத்திலேயே ரிக்‌ஷா ஏறிவிட்டார்கள். பலத்தில் அத்தை அவர்களுக்குப் பக்கத்தில்கூட வரமாட்டார். ஆனால் அவருடைய சைக்கிளில் சீட் உயரம் சரியாக இருந்தது, டயரில் காற்று இருந்தது.

சமதளம் என்றால் சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சுலபம்தான். ஆனால் சமதளத்தில் இறக்கம் கிடையாது. மலைப்பாதையில் ஏறி முடித்தால் இறங்கும்போது காலுக்கு ஓய்வு கிடைக்கும். இங்கே நின்றால்தான் ஓய்வு. சாதாரண சைக்கிளில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 5 மீட்டர் போகும். 15 கிலோமீட்டருக்கு 3,000 சுற்று. சைக்கிளில் இருக்கும் சின்னக் குறை 3,000 முறை முழங்காலில் வந்து விழும். கீழே சொல்லியிருக்கும் பல வேலைகள் பெடலில் கால் வைப்பதற்கு முன்பே முடிக்க வேண்டியவையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

1. மாதத்தையும் நாளையும் முடிவு செய்யுங்கள்

பூங்கா வருஷம் முழுக்கத் திறந்திருக்கிறது. ஆனால் எல்லா மாதமும் ஒன்றல்ல. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கூடு கட்டும் காலம். வேடந்தாங்கலில் நாம் பார்க்கும் அதே மஞ்சள் மூக்கு நாரை இங்கே தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டும். புழுக்கமும் கொசுவும் கூடவே இருக்கும். நவம்பர் நடுவில் தொடங்கி பிப்ரவரி வரை வலசை வரும் வாத்துகளின் காலம். ஏப்ரல், மே, ஜூன் வெயிலில் முதல்முறை போகவே வேண்டாம்.

என்னைக் கேட்டால் நவம்பர் பின்பாதி அல்லது பிப்ரவரி. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனி இறங்கினால் காலை 10 மணி வரைக்கும் பத்தடி தள்ளி இருப்பது தெரியாத நாட்கள் உண்டு. சைக்கிள் ஓட்டலாம், ஆனால் பார்க்க எதுவும் இருக்காது. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையும், சனி ஞாயிறுகளிலும் கூட்டம் அதிகம். செவ்வாய், புதன் போல நாள் கிடைத்தால் விடாதீர்கள்.

புறப்படும் முன் தங்கப்போகும் விடுதிக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வருஷம் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா? இங்குள்ள நீர் மழையை மட்டும் நம்பியதல்ல. வெளியிலிருந்து கால்வாயில் திறந்துவிட்டால்தான் நிறையும். தண்ணீர் குறைந்த வருஷத்தில் பறவையும் குறைவு. அப்படிப்பட்ட வருஷத்தில் போனாலும் காட்டுப்பாதை அழகுதான், ஆனால் நாரைக் கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு போய் ஏமாறக்கூடாது.

2. முந்தின நாள் மாலையே போய்ச் சேருங்கள்

சென்னையிலிருந்து டெல்லி போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஜி.டி. எக்ஸ்பிரஸும் ஆக்ரா கண்டோன்மென்ட்டில் நிற்கும். அங்கிருந்து பரத்பூர் சாலை வழியாகச் சுமார் 55 கிலோமீட்டர். டெல்லியிலிருந்து வருகிறவர்கள் மதுரா வழியாக பரத்பூர் ஜங்ஷனுக்கே ரயிலில் வந்துவிடலாம். குளிர்காலத்தில் வடக்கே ரயில்கள் பனியால் மணிக்கணக்கில் தாமதமாகும். அன்று காலை வந்து அன்றே காட்டுக்குள் போகலாம் என்று திட்டம் போட்டால் பெரும்பாலும் மதிய வெயிலில்தான் தொடங்குவீர்கள்.

பூங்காவின் வாசலை ஒட்டியே விடுதிகள் இருக்கின்றன. ஊருக்குள் தங்காமல் அங்கே தங்குங்கள். நடந்து வாசலுக்குப் போகிற தூரமாக இருக்க வேண்டும். காரணத்தை 4ஆம் பகுதியில் சொல்கிறேன்.

3. பையில் வைக்க வேண்டியவை

குளிர் பற்றித் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். ஒன்று, ஒரு சட்டையோடு வந்து நடுங்குவது. இன்னொன்று, ஒரே ஒரு கனமான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து 10 மணிக்கு வேர்த்துப்போய் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் கட்டுவது. இடுப்பில் கட்டிய ஜாக்கெட்டின் கை பின்சக்கரத்தில் மாட்டும். மெல்லிய துணிகளாக மூன்று அடுக்கு போடுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் வைக்கலாம். காலை 7 மணிக்கு சைக்கிளில் போகும்போது முதலில் விறைப்பது விரல்கள்தான், அதனால் கையுறை கட்டாயம்.

பையில் ஒரு ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், கடலை மிட்டாய், வாழைப்பழம், தொப்பி, பைனாகுலர். அப்புறம் ஒரு முழம் நைலான் கயிறு, இரண்டு ரப்பர் பேண்டு. கயிறு பையைக் கேரியரில் கட்ட. ரப்பர் பேண்டு பேண்ட்டின் காலைச் சுருட்டிக் கட்ட. இல்லையென்றால் செயினில் மாட்டிக் கிரீஸ் ஆகும், கிழியவும் கிழியும். புடவை, துப்பட்டா, நீளமான மஃப்ளர் மூன்றையும் விடுதியிலேயே விட்டுவிடுங்கள்.

பையை முதுகில் மாட்டாதீர்கள், கேரியரில் கட்டுங்கள். முதுகுப் பையோடு மணிக்கணக்கில் ஓட்டினால் கால் நன்றாக இருந்தாலும் தோள் விட்டுப்போகும். பைனாகுலரை மட்டும் கழுத்தில் போட்டு, வாரைச் சுருக்கி, நெஞ்சோடு ஒட்டியிருக்கும்படி வையுங்கள். தொங்கவிட்டால் ஹேண்டில்பாரில் இடித்துக்கொண்டே வரும்.

4. சைக்கிளைத் தேர்ந்தெடுங்கள்

விடுதிகளிலும் சைக்கிள் வாடகைக்குத் தருவார்கள். வாசலிலும் கிடைக்கும். முதல்முறை போகிறவர்கள் வாசலில் எடுப்பதே நல்லது. பூங்காவுக்கு வெளியே ஆக்ரா–ஜெய்ப்பூர் நெடுஞ்சாலை ஓடுகிறது. லாரியும் பஸ்ஸும் பறக்கும் சாலை. போக்குவரத்து இல்லாத பாதை என்பது வாசலுக்கு உள்ளேதான் தொடங்குகிறது. வாசல்வரை நடந்து போய் அங்கே எடுத்தால் அந்த ஆபத்தே இல்லை. விடுதி சைக்கிள்தான் என்றால் நெடுஞ்சாலையை உருட்டிக்கொண்டு கடந்து போங்கள்.

வாசல் திறக்கும் நேரத்துக்கு அரைமணி முன்னதாகப் போங்கள். நல்ல சைக்கிள்கள் முதல் பதினைந்து நிமிஷத்தில் போய்விடும். அப்புறம் வருகிறவர்களுக்கு மீதிதான். இனி, இந்த வரிசையில் பாருங்கள். வரிசை முக்கியம். முதலில் வருபவை கடைக்காரரால் அங்கேயே சரிசெய்ய முடியாத குறைகள். அவை இருந்தால் அடுத்த சைக்கிளுக்குப் போய்விடலாம், நேரம் மிச்சம்.

முதலில் சக்கரம். பின்பக்கத்தைத் தூக்கி பெடலைச் சுற்றுங்கள். சக்கரம் பிரேக் கட்டைக்கு நடுவில் நேராகச் சுற்ற வேண்டும். இடமும் வலமுமாக ஆடினால் கோட்டம். கோட்டம் எடுப்பது அவசரத்தில் ஆகிற வேலை இல்லை, வேறு சைக்கிள் கேளுங்கள். முன்சக்கரத்துக்கும் இதே சோதனை.

இரண்டாவது பெடலும் கிராங்கும். பெடலைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லொடலொட என்று ஆடினால் அதுவும் வேண்டாம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்னத் தட்டு தட்டும், ஒரு மணி நேரத்தில் முழங்காலில் வலி தெரியும்.

மூன்றாவது காற்று. கட்டைவிரலால் டயரின் பக்கவாட்டில் அழுத்துங்கள், மேலே இல்லை. மேல்பக்கம் ரப்பர் தடிமனாக இருப்பதால் காற்று இல்லாவிட்டாலும் கெட்டியாகத் தெரியும். அப்புறம் சீட்டில் உட்கார்ந்து கீழே பாருங்கள். பின் டயர் தரையில் நன்றாகப் பிதுங்கினால் காற்று குறைவு. “ஹவா பர் தீஜியே” என்றால் அடித்துத் தருவார்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பலால் விட்டவர்கள்தான் அதிகம் களைத்துப்போகிறார்கள்.

காற்று அடித்ததும், டியூபில் காற்று ஏற்றும் வால்வின், அதாவது மூக்கின் மேல் ஒரு சொட்டு எச்சில் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் அதற்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாய், அதாவது வால்ட்யூப் போயிருக்கிறது, காற்று மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். நம் ஊர் சைக்கிள் கடைக்காரர்கள் செய்வதுதான். ஒருமுறை ஒரு வாடகைக் கடையில் இதைப் பார்க்காமல் எடுத்தேன். பூங்காவுக்குள் இருக்கும் கோயில் வரை போவதற்குள் டயர் தட்டையாகிவிட்டது. திரும்பிக் கொடுக்கும்போது பஞ்சர் போட்டதற்கும் என்னிடமே காசு வாங்கினார்கள். ஒரு துண்டு வால்ட்யூப் மாற்ற ஒரு நிமிஷம்கூட ஆகாது.

நான்காவது பிரேக். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பின் பிரேக்கைப் பிடியுங்கள், சக்கரம் நின்று தேய வேண்டும். பிடிக்கும்போது கிறீச் என்று கத்துகிறதா என்றும் கவனியுங்கள். சமதளத்தில் வேகம் குறைவு, அதனால் பிரேக்கின் பலத்தைவிட அதன் சத்தம் பெரிய விஷயம். கத்துகிற பிரேக் நாள் முழுக்கப் பறவைகளை விரட்டும்.

கடைசியாகத்தான் சீட். சீட்டில் உட்கார்ந்து, பெடல் தாழ இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்போம், அப்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரி. “சீட் தோடா ஊப்பர் கர் தீஜியே” என்று சொன்னால் ஸ்பானர் எடுத்து ஏற்றிக் கொடுப்பார்கள்.

சீட் உயரத்தில் ஒரு பயம் எல்லோருக்கும் உண்டு. உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று நினைக்கிறார்கள். அத்தையும் அப்படித்தான் கேட்டார். “நிக்கும்போது சீட்ட விட்டு முன்னாடி இறங்கிக்கோங்க அத்தை, சீட்ல உக்காந்தபடியே நிக்க வேண்டாம்” என்று சொல்லி, வாசலுக்கு முன்னால் பத்து முறை ஏறி இறங்க வைத்தேன். அப்புறம் அவருக்கு அது கவலையாகவே இல்லை. சீட்டைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்தபடி மிதிப்பவர்கள் தொடையின் முழுப் பலத்தையும் மடங்கிய முழங்காலிலேயே செலவழிக்கிறார்கள்.

இவ்வளவும் பார்க்க ஒரு சைக்கிளுக்கு ஐந்து நிமிஷம். கூட்டமாகப் போனால் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

5. வாசலில் முடிக்க வேண்டிய வேலைகள்

அடையாள அட்டையின் அசலைக் கையில் வையுங்கள். சைக்கிளுக்கு ஈடாக அட்டையோ முன்பணமோ கேட்பார்கள். சில்லறையாகப் பணமும் வேண்டும். டிக்கெட் வாங்கும்போதே இரண்டு விஷயம் கேளுங்கள்: அன்று மாலை எத்தனை மணிக்கு மூடுவார்கள்? நடுவில் வெளியே வந்தால் அதே டிக்கெட்டில் மறுபடி உள்ளே விடுவார்களா? பருவத்துக்குத் தகுந்தபடி நேரம் மாறும். டிசம்பரில் ஐந்தரை மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும்.

சைக்கிள் கொடுத்தவரின் போன் எண்ணை வாங்கிப் பதிந்துகொள்ளுங்கள். பின்சக்கரப் பூட்டின் சாவியைப் பையில் போடாமல், கயிற்றில் கோத்து மணிக்கட்டில் கட்டுங்கள். புல்லில் விழுந்த சாவியைத் தேடி ஒரு மணி நேரம் தொலைத்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன்.

6. சாந்தி குட்டீர் வரை நிற்காமல் போங்கள்

வாசலிலிருந்து சாந்தி குட்டீர் வரை ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தார்ச்சாலை. இந்தப் பகுதியில் மட்டும் வண்டிகள் வரலாம், அதனால் இடது ஓரமாகப் போங்கள். இருபுறமும் காய்ந்த புதர்க்காடு. புதியவர்கள் எல்லோரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் மயிலைப் பார்த்ததும் நின்று, முதல் புள்ளிமானைப் பார்த்ததும் நின்று, ஆளுக்கு நாற்பது போட்டோ எடுத்து, சாந்தி குட்டீரைத் தொடும்போது 9 மணி ஆகியிருக்கும். ஏரிக்கரையின் நல்ல வெளிச்சம் அதற்குள் போய்விடும்.

மயிலும் மானும் மாலையில் திரும்பும்போதும் அங்கேயேதான் இருக்கும். காலையில் நிற்காமல் போங்கள். வேகமாகவும் வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும். குளிரில் இறுகிய முழங்கால் இந்த இரண்டு கிலோமீட்டரில்தான் சூடாகும்.

சீட்டிலோ பெடலிலோ குறை இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். அப்படியென்றால் கூச்சப்படாமல் திரும்பிப் போய் மாற்றுங்கள். நான்கு கிலோமீட்டர் கூடுதல்தான். இதைத் தாண்டிப் போய்விட்டால் மாற்ற மனசு வராது.

7. சாந்தி குட்டீர் முதல் ஏரிக்கரை வரை: நிற்கிற முறை

இதற்கப்புறம் சைக்கிள், சைக்கிள் ரிக்‌ஷா, பேட்டரி ரிக்‌ஷா, நடப்பவர்கள் மட்டும்தான். மரங்கள் இருபுறமும் சேர்ந்து நிழல் கட்டும். சாபன் மோரி என்ற சந்திப்பை நெருங்கும்போது மரங்களுக்கு நடுவே தண்ணீர் மின்னத் தொடங்கும். அதற்கப்புறம் சாலையே ஒரு கரைதான், இரண்டு பக்கமும் ஏரி.

சைக்கிளில் போகிறவர்கள் பறவையைக் கலைப்பது ஓடும்போது இல்லை, நிற்கும்போது. தினமும் சாலையில் போய்வரும் உருவங்களுக்கு அவை பழகிவிட்டன. ஒரே வேகத்தில் போகும் சைக்கிளை நீர்க்காகம் திரும்பிக்கூடப் பார்க்காது. அதே சைக்கிள் நேர் எதிரே சடாரென்று நின்றால் பறந்துவிடும். அதனால் பறவையைக் கண்டதும் பிரேக் பிடிக்காதீர்கள். அதைக் கடந்து பத்துப் பதினைந்து மீட்டர் போய், மிதிப்பதை நிறுத்தி, சைக்கிள் தானாக ஓய்ந்து நிற்க விடுங்கள். சமதளமாக இருப்பதால் அது சத்தமில்லாமல் நிற்கும்.

பறவை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இறங்குங்கள். சைக்கிள் நடுவில் மறைப்பாக நிற்கும். அப்புறம் ஸ்டாண்டு. காலால் தட்டிவிட்டால் ஸ்பிரிங் இழுத்து ‘டக்’ என்று அடிக்கும். அந்த ஒரு சத்தத்தில் இலைமேல் நடந்துகொண்டிருந்த இலைக்கோழி கழுத்தை நீட்டி அப்படியே உறைந்து நின்றதை நாலடி தூரத்தில் பார்த்திருக்கிறேன். அடுத்த நொடி அது இல்லை. பாதத்தை ஸ்டாண்டின்மேல் வைத்து மெதுவாக இறக்குங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாசல் பூங்காவின் வடக்கில் இருக்கிறது, சாலை பொதுவாகத் தெற்கு நோக்கிப் போகிறது. காலையில் சூரியன் இடது பக்கம். இடது பக்க ஏரியில் இருப்பவை எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். வலது பக்கம் பாருங்கள், பாம்புத்தாராவின் இறகில் இருக்கும் வெள்ளிக் கோடு வரை தெளிவாகத் தெரியும். மாலையில் வடக்கு நோக்கித் திரும்பும்போது சூரியன் மேற்கே போயிருக்கும், அதாவது மறுபடியும் உங்கள் இடது பக்கம். ஆக, போகும்போதும் வரும்போதும் வலது பக்கம்தான் பார்க்க வேண்டிய பக்கம்.

கூட்டமாக வந்தால் ஒருவர் பின் ஒருவராக, நடுவில் இருபதடி விட்டுப் போங்கள். ஜோடியாகப் பேசிக்கொண்டே ஓட்டினால் ரிக்‌ஷாவுக்கு வழி இருக்காது, பேச்சுச் சத்தத்தில் பறவையும் இருக்காது. சந்திக்கும் இடங்களை முன்பே சொல்லிவிடுங்கள்: சாந்தி குட்டீர், சாபன் மோரி, கேவலாதேவ் கோயில். வழி தெரிந்தவர் கடைசியில் வர வேண்டும். முன்னால் போனால், பின்னால் சைக்கிளில் செயின் கழன்றவர் தனியாக நிற்பது தெரியாது.

நீல்காய் என்று சொல்லும் நீலான் சாலையைக் கடந்தால் நின்றுவிடுங்கள். குதிரை அளவு உடம்பு. ஒன்று கடந்ததும் கிளம்பாதீர்கள், பின்னால் இன்னொன்று வரும்.

8. மண்பாதைகளில் எங்கே ஓட்டலாம், எங்கே நடக்க வேண்டும்

தார்ச்சாலையிலிருந்து ஏரிக்கரைகள்மேல் மண்பாதைகள் பிரிகின்றன. இந்தப் பூங்காவில் எனக்கு மிகப் பிடித்தவை இவைதான். ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் இறங்காதீர்கள். தார்ச்சாலையில் சைக்கிள் கைக்குப் பழகிய பிறகு போங்கள். அகலமாக, டயர் தடம் பதிந்த கரை என்றால் ஓட்டலாம். ஒற்றையடிப் பாதை, புல் மூடிய பாதை என்றால் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு நடங்கள், தடை போர்டு வைத்த பாதையில் நடக்கவும் வேண்டாம்.

காரணம் முள். நம் ராமநாதபுரத்தையும் விருதுநகரையும் பிடித்த அதே சீமைக்கருவேல் இங்கேயும் பரவியிருக்கிறது. அதை வெட்டி அகற்றும் வேலை நடந்தாலும் உதிர்ந்த முள் மண்ணில் கிடக்கும். தார்ச்சாலையில் முள் கண்ணுக்குத் தெரியும். மண்ணிலும் புல்லிலும் தெரியாது. போட்டோ எடுக்கச் சைக்கிளைப் புதர் ஓரமாகச் சாய்த்து வைப்பவர்களுக்குத்தான் பஞ்சர் அதிகம். சாலையின் விளிம்பிலேயே ஸ்டாண்டு போடுங்கள்.

ஈரக் கரையில் ஒற்றைக்கால் ஸ்டாண்டு மண்ணுக்குள் இறங்கிச் சைக்கிள் மெதுவாகச் சாயும். தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்தால் பையோடு ஏரிக்குள் போகும். கெட்டி மண்ணிலோ ஒரு தட்டைக் கல்லின் மேலோ ஸ்டாண்டை வையுங்கள்.

குளிர்காலத்தில் மலைப்பாம்புகள் பொந்துக்கு வெளியே வெயில் காயும். கோயிலுக்கு அந்தப் பக்கம் பைத்தான் பாயின்ட் என்றே ஒரு இடம் உண்டு. ரிக்‌ஷாக்காரர்களையோ காவலரையோ கேட்டால் அன்று எங்கே படுத்திருக்கிறது என்று சொல்வார்கள். நடந்து போய், தள்ளி நின்று பாருங்கள். நாம் கிட்டே போனால் அது பொந்துக்குள் போய்விடும். அந்தக் குளிரில் வெயில்தான் அதற்கு உயிர்.

9. கோயிலில் ஓய்வு, திரும்பும் நேரம்

வாசலிலிருந்து ஐந்து கிலோமீட்டர் சுமாரில் கேவலாதேவ் சிவன் கோயில். பூங்காவுக்குப் பெயர் கொடுத்த கோயில் இதுதான். உட்கார இடமும் கேன்டீனும் உண்டு. ஆனாலும் சாப்பாட்டைக் கேன்டீனை நம்பி வைக்காதீர்கள், கையில் கொண்டு போங்கள். குரங்குகள் இருப்பதால் பையைக் கேரியரிலேயே விட்டுவிட்டு நகர வேண்டாம்.

இங்கே ஒரு மணி நேரமாவது ஓய்வெடுங்கள். செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுங்கள். சும்மா ஓட்டிக்கொண்டே இருந்தால் களைப்பு தெரியாது, அதுதான் சமதளத்தில் இருக்கும் ஆபத்து. ஏற்றம் இருந்தால் மூச்சு வாங்கி உடம்பே நிற்கச் சொல்லும். இங்கே உடம்பு எதுவும் சொல்லாமல், திரும்பும் வழியில் ஒரேயடியாகச் சொல்லும்.

அதோடு காற்றும் இருக்கிறது. குளிர்காலப் பகலில் பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசும். போகும்போது முதுகைத் தள்ளியது, வரும்போது முகத்தில் அடிக்கும். காலையில் சுலபமாக வந்துவிட்டோமே என்று இன்னும் தெற்கே ஓட்டிப்போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மூடும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு கோயிலை விட்டுக் கிளம்பிவிடுங்கள். நேராக ஓட்டினால் முக்கால் மணி நேரம் போதும். மீதி நேரம் காலையில் நிற்காமல் வந்த மயிலுக்கும் மானுக்கும், பொழுது சாயும்போது மரப்பொந்திலிருந்து எட்டிப் பார்க்கும் புள்ளி ஆந்தைக்கும்.

10. பஞ்சர் ஆகிவிட்டால்

டயரில் முள் குத்தியிருப்பது தெரிந்தால் பிடுங்காதீர்கள். முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், காற்று மெதுவாகத்தான் இறங்கும். பிடுங்கினால் ஒரு நிமிஷத்தில் தட்டை. திரும்பி வாசலை நோக்கி ஓட்டுங்கள், முடிந்தவரை போகட்டும்.

முழுக்க இறங்கிவிட்டால் ஏறி ஓட்ட வேண்டாம். ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் டியூப் நசுங்கி மூக்கோடு பிய்ந்துவிடும், பஞ்சர் ஒட்டினால் போகிற வேலை புது டியூப் செலவாகிவிடும். உருட்டிக்கொண்டு நடங்கள். கோயில் வரை வந்திருந்தாலும் தார்ச்சாலையில் சுமார் ஒன்றேகால் மணி நேர நடைதான். சைக்கிள் கொடுத்தவருக்குப் போன் செய்யுங்கள், அல்லது காலியாக வரும் ரிக்‌ஷாவை நிறுத்திக் கேளுங்கள். கையடக்கப் பம்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க: கியர் சைக்கிள் பம்பின் வாய் இந்தச் சைக்கிள்களின் மூக்குக்குப் பொருந்தாமல் போகலாம். கிளம்பும் முன் ஒருமுறை மாட்டிப் பாருங்கள்.

11. குழந்தைகளும் பெரியவர்களும்

பத்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குச் சரியான உயரத்தில் வாடகைச் சைக்கிள் கிடைப்பது கஷ்டம். கேரியரில் உட்கார வைத்து டபுள்ஸ் போகாதீர்கள். காலைப் பின்சக்கரத்தில் விட்டுவிடுவார்கள். அவர்களுக்கும், முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும் ரிக்‌ஷா எடுத்து, மற்றவர்கள் சைக்கிளில் கூடவே போவதுதான் நல்ல ஏற்பாடு. இங்குள்ள ரிக்‌ஷாக்காரர்களுக்குப் பறவைகளை நன்றாகத் தெரியும். அவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே நீங்களும் நின்றால் உங்களுக்கும் லாபம். அவருடைய கூலியைக் குறைக்கப் பேரம் பேச வேண்டாம்.

பல வருஷம் ஓட்டாதவர்களுக்கு ஒரே அறிவுரை. வாசலுக்கு உள்ளே போனதும் ஓர் ஓரமாகப் பத்து நிமிஷம் நேராக ஓட்டிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், சக்கரத்தைப் பார்க்காமல், இருபதடி தள்ளிச் சாலையைப் பாருங்கள். பழகிய கால் மறக்காது. பயத்தில் இறுகுவது கைதான், அதைத் தளர்த்தினால் சைக்கிள் நேராகப் போகும்.

12. சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது

கேரியரில் கட்டிய கயிறு, தண்ணீர் பாட்டில், மணிக்கட்டில் இருக்கும் சாவி மூன்றையும் பாருங்கள். சாவியோடு ரயில் ஏறியவர்கள் உண்டு. பிரேக் கத்தியது, பெடல் ஆடியது என்று எந்தக் குறை இருந்தாலும் கடைக்காரரிடம் காட்டிச் சொல்லுங்கள், நாளைக் காலை அதை எடுக்கப்போகிறவர் உங்களைப் போல ஒருவர்தான். அப்புறம் உங்கள் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, பெயரைப் பார்த்து, பர்ஸில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஒரே நேரத்தில் ஐந்தாறு பேர் திருப்பிக் கொடுக்கும்போது அட்டைகள் மாறிப்போவது சாதாரணமாக நடக்கிறது.